ருமைஸா என்றால் என்ன? அரபுப் பெயர் ஒன்றின் வேரைத் தேடும் முறை

பெண் குழந்தைக்கு அதிகம் புழங்காத ஓர் அரபுப் பெயரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடக்கும் பெயர்ப் பட்டியல்களில்தான் போய் நிற்கிறார்கள். "ருமைஸா" என்று தட்டினால் ஒரு பட்டியல் பூங்கொத்து என்கிறது, இன்னொன்று நட்சத்திரம் என்கிறது. எந்த அகராதியைப் பார்த்து எழுதினார்கள், அந்தப் பெயரை யார் சுமந்தார்கள் என்று எதுவும் இருக்காது. பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகும் பெயருக்கு இவ்வளவு மேலோட்டமான விடை போதாது. கொஞ்சம் பொறுமை இருந்தால், அரபு மொழி தெரியாதவர்கூட ஒரு பெயரின் வேர் வரை போய்விடலாம். அந்த வழியை ருமைஸா என்ற ஒரே பெயரை வைத்து இங்கே சொல்கிறேன். வேறு பெயர் தேடுகிறவர்களும் இதே தடத்தில் போகலாம்.

முதலில், அது அரபுப் பெயர்தானா?

முஸ்லிம் பெயர் எல்லாமே அரபுப் பெயர் அல்ல. பர்வீன், ஷப்னம், நர்கிஸ், குல்நார், நூர்ஜஹானில் வரும் ஜஹான் ஆகியவை பாரசீகத்தின் வழியே வந்தவை. சுருக்கமாகச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. செவ்வியல் அரபில் 'பழம்' என்பதில் வரும் வல்லின 'ப' ஒலி இல்லை. 'அச்சம்' என்பதில் வரும் 'ச்ச' ஒலியும் இல்லை. பெயரைச் சரியாக உச்சரிக்கும்போது இவற்றில் ஒன்று வந்தால் அரபு அகராதியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பர்வீன் இந்தச் சோதனையிலேயே வெளியே போய்விடும். பாரசீகத்தில் அது கார்த்திகை மீன் கூட்டத்தின் பெயர். ருமைஸாவில் அப்படி ஒலி எதுவும் இல்லை. மேலே போகலாம்.

அரபு எழுத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பொருள் தேடுவதால்தான் இத்தனை தவறான விடைகள் உலவுகின்றன.

நம் தமிழ் எழுத்தில் ஒரு 'ஸ' போட்டுவிட்டால் அரபின் பல எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடும். மூன்று சிறு பல் போல இருக்கும் ஸீன், முட்டை வடிவத் தலையுள்ள ஸாத், தொட்டி வடிவின் மேல் மூன்று புள்ளி வைத்த ஸா ஆகிய மூன்றையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். சிலர் ஸாய் என்ற எழுத்தையும் இதே 'ஸ'வால் எழுதுவார்கள். ஸைனப் என்ற பெயரில் வருவது அதுதான். 'ஹ' என்றால் இரண்டு எழுத்து. 'த' என்றால் இரண்டு. 'அ' என்று தொடங்கினால் அது ஹம்ஸாவா, தொண்டைக்குள்ளிருந்து வரும் அய்னா என்று தெரியாது. நோன்பு மாதத்தை ரமலான், ரமழான், ரமளான் என்று மூன்று விதமாக எழுதுகிறோமே, அதுவும் ளாத் என்ற ஓர் எழுத்துக்குத் தமிழில் நேர் இணை இல்லாததால்தான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஆஸியா என்ற பெயரைப் பாருங்கள். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் மனைவி ஆஸியாவின் பெயர் ஹம்ஸாவும் ஸீனும் கொண்டது. அய்னும் ஸாதும் போட்டு எழுதினால் 'கீழ்ப்படியாதவள்' என்ற பொருள் வந்துவிடும். அந்த இரண்டாவது பெயரைத் தாங்கிய ஒரு பெண்ணுக்கு நபிகள் (ஸல்) அவர்கள் ஜமீலா என்று பெயரை மாற்றி வைத்ததாக ஹதீஸ், அதாவது நபிமொழிப் பதிவு, இருக்கிறது. தமிழில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ருமைஸாவுக்கும் இதே சிக்கல்தான். ஸாத் போட்டால் கண்ணோடு தொடர்புள்ள ஒரு வேர். ஸீன் போட்டால் 'ரம்ஸ்' என்ற வேர்; அது புதைப்பதையும் கல்லறையையும் குறிக்கும். மூன்று புள்ளி வைத்த ஸா போட்டால் 'ரிம்ஸ்'. அது ஒட்டகம் மேயும், உப்புச் சுவையுள்ள ஒரு பாலைவனப் புதர்ச் செடி. ஒரே தமிழ்ப் பெயருக்குள் கண், கல்லறை, செடி என மூன்றும் ஒளிந்திருக்கின்றன.

அரபு எழுத்தை எங்கே தேடுவது? பெயர் ஏற்கெனவே குடும்பத்தில் இருந்தால், வைத்தவரிடமே கேளுங்கள். வளைகுடா நாடுகளில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் குடியிருப்பு அட்டையிலும் பெயர் அரபில் இருக்கும். ஆனால் எழுத்தர் காதில் கேட்டபடி எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வீடுகளில் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களோ, பிறப்பு இறப்புக் குறித்து வைத்த ஏடுகளோ இருந்தால் அவை பெரும் செல்வம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை என்பதால் அரபுப் பெயர்கள் தம் சொந்த எழுத்துகளோடே அங்கே நிற்கும். பாட்டிமாரின் பெயரைத் தேடுகிறவர்கள் முதலில் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால், சாத்தியமான எழுத்துகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக அகராதியில் பார்க்க வேண்டியதுதான்.

ருமைஸா என்று பொதுவாக வைக்கப்படும் பெயர், ஹதீஸ் நூல்களில் வரும் ஸாத் எழுத்துப் பெயர். ரா, மீம், யா, ஸாத், அலிஃப், கடைசியில் ஒரு ஹம்ஸா. இதை ஸீன் போட்டு எழுதுகிறவர்களும் அரபு நாடுகளிலேயே இருக்கிறார்கள். மூலத்தில் இருப்பது ஸாத்.

வேரும் அச்சும்

அரபுச் சொல் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து முளைக்கும். அந்த வேரை ஓர் அச்சில் ஊற்றினால் சொல் பிறக்கும். மதரஸாவில் ஸர்ஃபு என்ற சொல்லிலக்கணம் படித்தவர்களுக்கு இது பால பாடம். மற்றவர்கள் இங்கே ஓர் அச்சை மட்டும் மனதில் வைத்தால் போதும்: முதலில் 'உ', அடுத்து 'ஐ'. ஹுஸைன், உபைத், ஹுமைரா, உமைமா எல்லாமே இந்த ஓசையில் வருகின்றன. இதற்கு தஸ்கீர் என்று பெயர். ஒன்றைச் சின்னதாக்கி, செல்லமாக்கிச் சொல்லும் வடிவம். ஹஸன் சிறுத்தால் ஹுஸைன், அப்த் சிறுத்தால் உபைத்.

ருமைஸாவுக்கு மிக நெருங்கிய அண்டை ஹுமைரா. அஹ்மர் என்றால் சிவந்தவன், ஹம்ரா என்றால் சிவந்தவள், ஹுமைரா என்றால் சிவந்த சின்னவள். அதே படிகளில் ஏறினால்: அர்மஸ், ரம்ஸா, ருமைஸா. நிறத்தையும் உடலில் தெரியும் தன்மையையும் சொல்ல அரபில் இந்த அஃப்அல், ஃபஅலா ஜோடியைத்தான் பயன்படுத்துவார்கள். ஆகவே அகராதியைத் திறக்கும் முன்பே ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது. இந்தப் பெயர் ஒரு பெண்ணின் தோற்றத்தில் தெரியும் ஏதோ ஒன்றைச் செல்லமாகக் குறிக்கிறது. பூங்கொத்து என்ற பொருளுக்கு இந்த அச்சிலேயே இடமில்லை.

அகராதியில் பார்ப்பது

இப்போது வேர் கையில் இருக்கிறது: ரா, மீம், ஸாத். அல்மஆனி போன்ற இணைய அகராதிகளில் இந்த மூன்று எழுத்துகளை அரபில் தட்டலாம். கைப்பேசியில் அரபு விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு எட்வர்ட் லேன் தொகுத்த பெரிய அகராதி உதவும். 1863 முதல் 1893 வரை எட்டுப் பாகங்களாக வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. லேன் 1876இல் இறந்துவிட்டதால் அரபு நெடுங்கணக்கின் கடைசிப் பகுதி எழுத்துகளுக்கு அது முழுமையாக இருக்காது. 'ரா' முன்னாலேயே வந்துவிடுவதால் நமக்குக் கவலையில்லை.

இப்னு மன்ழூரின் லிஸானுல் அரப் வரை போக விரும்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்த அந்த அகராதி, வேரின் கடைசி எழுத்தை வைத்து அடுக்கப்பட்டது. ருமைஸாவை அங்கே 'ரா' வரிசையில் தேடினால் கிடைக்காது. ஸாத் பகுதிக்குப் போய், அதற்குள் ராவைத் தேட வேண்டும். முதல் எழுத்து வரிசைக்கு மாற்றிய பதிப்புகளும் உண்டு.

அங்கே என்ன இருக்கிறது? ரமஸ் என்றால் கண்ணின் ஓரத்தில் சேரும் வெள்ளை அழுக்கு. தமிழில் அதற்கு நேரான சொல்லே நம்மிடம் இருக்கிறது: பீளை. அரபு அகராதிகள் இதிலும் பிரிவு பார்க்கின்றன. ஈரமாக வழிந்தால் அது கமஸ், காய்ந்து படிந்தால் ரமஸ். ஆக, ருமைஸா என்றால் கண்ணில் பீளை கட்டிய சின்னப் பெண்.

இந்த இடத்தில் பலர் அகராதியை மூடிவிட்டு பூங்கொத்துப் பட்டியலுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். தயவுசெய்து போகாதீர்கள். இந்தப் பெயரின் அழகு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்தப் பெயரைச் சுமந்தவர் யார்?

அரபுப் பெயரின் பொருளைப் பாதிதான் அகராதி சொல்லும். மீதிப் பாதியை அதைத் தாங்கியவரின் வாழ்க்கை சொல்லும். நபித்தோழர், தோழியர் வரலாறுகளுக்கு இரண்டு பெரிய நூல்கள் உண்டு: 9ஆம் நூற்றாண்டில் இப்னு ஸஅத் எழுதிய தபகாத், 15ஆம் நூற்றாண்டில் இப்னு ஹஜர் அஸ்கலானி எழுதிய இஸாபா. இரண்டிலுமே பெண்களைப் பற்றிய பகுதி கடைசியில் இருக்கும். நேராகக் கடைசிப் பாகத்தை எடுத்தால் நேரம் மிச்சம். பெயர் தெரியாவிட்டால் உம்மு என்று தொடங்கும் புனைபெயர் வரிசையிலும் பாருங்கள். பெண்கள் பலரை வரலாறு அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது.

ருமைஸா அங்கேதான் இருக்கிறார், உம்மு சுலைம் பின்த் மில்ஹான் (ரலி) என்று. மதீனாவின் கஸ்ரஜ் குலத்தார், அதில் பனூ நஜ்ஜார் கிளை. ஹதீஸ் அறிவிப்பாளர்களில் பெரும் பெயர் பெற்ற அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களின் தாய். இயற்பெயர் எது என்பதில் அறிஞர்களிடையே பல கருத்துகள்: ஸஹ்லா, ருமைலா, முலைகா, ஸாத் எழுத்துள்ள ருமைஸா, ஏன், மூன்று புள்ளி ஸா போட்ட ருமைஸா என்றுகூட ஒன்று இருக்கிறது. அரபு எழுத்தை முதலில் பிடியுங்கள் என்று நான் வற்புறுத்தியதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? தமிழில் ஒன்றாகவே தெரியும் இரண்டு பெயர்கள், ஒரே பெண்மணியின் பெயர்ப் பட்டியலிலேயே தனித்தனியாக நிற்கின்றன. புகாரி என்ற ஹதீஸ் தொகுப்புக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர், ருமைஸா என்பது அவர் கண்ணில் இருந்த பீளையால் வந்த அடைமொழி என்றே வெளிப்படையாகச் சொல்கிறார்.

அபூ தல்ஹா இவரைப் பெண் கேட்டு வந்தபோது அவர் இன்னும் இஸ்லாத்துக்கு வரவில்லை. உங்களைப் போன்ற ஒருவரை மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் இஸ்லாத்தை ஏற்றால் அதுவே என் மஹர் (மணக்கொடை), வேறெதுவும் கேட்கமாட்டேன் என்றார் உம்மு சுலைம். அதைவிடக் கண்ணியமான மஹரைப் பெற்ற பெண்ணைத் தாம் கேள்விப்பட்டதில்லை என்று பின்வந்த ஓர் அறிவிப்பாளர் சொல்லியிருக்கிறார். கி.பி. 630இல் நடந்த ஹுனைன் போரில் இடுப்பில் குத்துவாளோடு நின்றார். இது எதற்கு என்று நபிகள் (ஸல்) கேட்டபோது, எதிரி எவனாவது நெருங்கினால் வயிற்றைக் கிழிப்பேன் என்று பதில் சொன்னார், நபிகள் சிரித்தார்கள்.

அவருடைய சின்ன மகன் இறந்த இரவைப் பற்றிய செய்திதான் என்னை மிகவும் உலுக்குவது. கணவரிடம் யாரும் சொல்லக் கூடாது, நானே சொல்வேன் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அபூ தல்ஹா வந்ததும் சாப்பாடு பரிமாறினார். பிறகுதான் கேட்டார்: ஒரு வீட்டாருக்கு ஒருவர் ஒரு பொருளை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டால், அதைத் தரமாட்டோம் என்று சொல்லலாமா? கூடாது என்றார் கணவர். அப்படியானால் உங்கள் மகன் விஷயத்தில் பொறுமையாக இருங்கள் என்றார்.

பெயரைத் தேடி வந்தவர்களுக்கு இவையெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். சொர்க்கத்தில் நுழைந்ததாகக் கண்ட கனவைப் பற்றி நபிகள் சொல்லும்போது, அங்கே அபூ தல்ஹாவின் மனைவி ருமைஸாவைக் கண்டதாக புகாரியில் வருகிறது. முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் அறிவிப்பில் அதே பெண்மணி குமைஸா பின்த் மில்ஹான்; முன்பு பார்த்த கமஸ் வேரில் பிறந்த பெயர். தீய பொருள் தரும் பெயர்களை மாற்றும் வழக்கமுடைய நபிகள், இந்தப் பெயரை மாற்றவில்லை. சொர்க்கத்தில் இருப்பவரின் பெயராக அதைத் தம் வாயாலேயே சொன்னார்கள். அதற்குப் பிறகு அகராதியில் எது எழுதியிருந்தால் என்ன?

வானத்தில் அதே பெயர்

நட்சத்திரம் என்று சொல்லும் பட்டியல்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை. இஸ்லாத்துக்கு முந்திய அரபிகளின் வானத்தில் ஷிஃரா என்ற பெயரில் இரண்டு விண்மீன்கள் இருந்தன. ஒன்று, இரவு வானிலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். குர்ஆனின் 53ஆம் அத்தியாயம், 49ஆம் வசனம் ஷிஃராவின் இறைவனும் அவனே என்று சொல்வது இதைப் பற்றித்தான். இன்னொன்று புரோசியான். இதற்குத்தான் குமைஸா என்று பெயர். ருமைஸா என்றும் சொன்னதாக அகராதிகள் குறிக்கின்றன.

கதை இது. சுஹைல் என்ற விண்மீனும் இரண்டு ஷிஃரா சகோதரிகளும் ஒரு காலத்தில் சேர்ந்தே இருந்தார்கள். சுஹைல் தெற்கே இறங்கிப் போய்விட்டான். ஒரு சகோதரி பால்வீதியைக் கடந்து அவன் பின்னால் போனாள். அவளுக்கு அபூர், அதாவது கடந்து போனவள், என்று பெயர் வந்தது. மற்றவள் கடக்க முடியாமல் இந்தக் கரையிலேயே நின்று அழுதாள். அழுது அழுது கண்ணில் பீளை கட்டிவிட்டது. அவள்தான் குமைஸா. இவள் ஒளி மங்கலாக இருப்பதாலேயே இந்தப் பெயர் வந்தது என்று அகராதிக்காரர்கள் விளக்குவார்கள். எனக்கு அழுத சகோதரியே போதும்.

அந்த சுஹைல் நமக்கும் தெரிந்தவர்தான். நாம் அகத்திய நட்சத்திரம் என்று சொல்லும் அதே மீன். வடக்கிலிருந்து தெற்கே வந்த முனிவரின் பெயரை நாம் வைத்தோம். தெற்கே ஓடிப் போனவனின் கதையை அரபிகள் சொன்னார்கள். பிப்ரவரி இரவில் ஒன்பது மணி வாக்கில் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் மூவரும் ஒன்றாகத் தெரிவார்கள்: தெற்கே தாழ்வாக அகத்தியர், அதற்கு மேலே சிரியஸ், உச்சிக்குக் கிழக்கே சற்றுத் தள்ளிப் புரோசியான். இருட்டான ஊராக இருந்தால் சிரியஸுக்கும் புரோசியானுக்கும் நடுவே பால்வீதி ஓடுவதையும் பார்க்கலாம்.

புரோசியானுக்குப் பக்கத்தில் இருக்கும் மங்கலான இன்னொரு மீனுக்கு ஐரோப்பிய வானியலாளர்கள் இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2016இல் கோமெய்ஸா என்பதையே அதன் அதிகாரப்பூர்வப் பெயராக ஏற்றது. அரபுப் பெயரின் ஐரோப்பிய வடிவம் அது.

பொருளைச் சொல்லும்போது

உறவினர்கள் கேட்பார்கள், மருமகளே, பேத்தி பெயருக்கு என்ன அர்த்தம் என்று. பீளை என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. நட்சத்திரம் என்று மட்டும் சொன்னாலும் பாதி உண்மைதான். நான் சொல்வதாக இருந்தால், உம்மு சுலைம் அவர்களின் அடைமொழி என்றுதான் தொடங்குவேன். அதுதான் இந்தப் பெயர் இன்று வரை வைக்கப்படுவதற்கான காரணம். கேட்பவர் ஆர்வமாக இருந்தால் வேரையும் விண்மீனையும் சொல்வேன். பிள்ளை வளர்ந்து தானாகவே அகராதியைத் திறக்கும் நாளில், வீட்டில் யாரும் மறைக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வேர்ப்பொருள் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் வேறு பெயர் வைப்பதில் தவறில்லை. ஆனால் எழுத்தை ஸீனாக மாற்றிவிட்டால் பொருள் அழகாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே காத்திருப்பது கல்லறை என்ற வேர்.

சான்றிதழில் எழுதும் முன்

அவசரப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரைப் பின்னால் சேர்க்கலாம். 12 மாதம் வரை பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஏழாம் நாள் அகீகாவில் பெயர் சூட்டிவிட்டாலும், எழுத்து வடிவத்தை ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் காட்டி உறுதிசெய்ய இந்த அவகாசம் தாராளம்.

தமிழில் ருமைஸா என்றே எழுதுங்கள். 'ஷ' போட்டால் அது வேறு எழுத்து. ருமைஷா என்ற வடிவம் இந்த வேரில் நிற்காது. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஐ' எழுத்தும் வரலாம், 'ஒய்' எழுத்தும் வரலாம். துருக்கியில் இந்தப் பெயர் பரவலாக இருக்கிறது; அவர்கள் ருமேய்ஸா என்று உச்சரித்து அதற்கேற்ப எழுதுகிறார்கள். கடைசியில் 'எச்' சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஃபாத்திமா, ஆயிஷா போன்ற பெயர்கள் அரபில் வட்டத் தா என்ற எழுத்தில் முடிவதால் அவற்றுக்கு அந்த 'எச்' ஓரளவு பொருந்தும். ருமைஸா முடிவது அலிஃபும் ஹம்ஸாவும் கொண்டு.

எந்த வடிவத்தை எடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பின்னாளில் வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ போகும்போது அரபில் பெயரை எழுதித் தரச் சொன்னால் எழுத்தர் ஊகிக்க விடாதீர்கள். ரா, மீம், யா, ஸாத், அலிஃப், ஹம்ஸா என்ற ஆறு எழுத்தையும் ஒரு சீட்டில் அரபில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள்.